வீணாக என்று ஒரு சொல்

அன்புள்ள மங்கைக்கு,

நலமா என்று உன் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்பியது ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. ஆராய்ச்சிக் கப்பல் கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும் என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய். ஆனாலும் அவள் காலையில் பால் காய்ச்சுவதற்கு முன்பே போனை எடுத்து, அந்த டிக் இரண்டாகிவிட்டதா என்று பார்க்கிறாள். நான் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை. அவள் பார்த்துவிட்டாளா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் போடாமல் நம் விவசாயிகள் சங்கத்தின் மாத இதழில் அச்சிடுகிறேன். வீட்டு விஷயத்தை ஊரே வாசிக்கும்படி எதற்குப் போடவேண்டும் என்று உன் அம்மா சண்டைக்கு வந்தாள். மண்டபம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதானே உன் கையிலிருந்து மைக்கை வாங்கினார்கள்? அதைப் பார்த்தவர்கள் இதையும் படிக்கட்டும். இதழில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று முடிவு செய்வது செயலாளர் என்ற முறையில் என் வேலை. இத்தனை வருடத்தில் அந்த அதிகாரத்தை என் சொந்த வீட்டுக்காகப் பயன்படுத்துவது இதுதான் முதல் தடவை. எவனாவது கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு மண்டபத்துக்கு வராதவர்களும் இதைப் படிப்பார்கள்.

நீ கடல் படிப்புக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் வேளாண்மைக் கல்லூரி விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடைமடை விவசாயியின் மகள் நெல்லைப் படிப்பாள், நான் நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ "கடல் உயிரியல்பா" என்றாய். டீக்கடையில் சொன்னபோது, "ஏன், மீன் ஏவாரம் பண்ணப்போவுதா பாப்பா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஆறு நம் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடல். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, அமாவாசைக்கு முழுக்குப் போடுவதைத் தவிர அந்தப் பக்கம் நமக்கு ஒரு ஜோலியும் இருந்ததில்லை. நம் தலை எப்போதும் மேற்கே மேட்டூரைப் பார்த்தபடியே இருக்கும். எத்தனை அடி, எப்போது திறப்பான், நம் ஊருக்கு எப்போது வரும் என்பதைத் தவிர நமக்கு வேறு பேச்சு ஏது? நம் முதுகுக்குப் பின்னால் கிழக்கே ஒன்று கிடக்கிறது என்பதை இந்த வீட்டில் முதலில் திரும்பிப் பார்த்தவள் நீ.

அந்த அமாவாசை ஞாபகம் இருக்கிறதா? தை அமாவாசைக்குக் கோடியக்கரையில் கூட்டம் நெரிகிறது. முழுக்குப் போட்டுவிட்டு ஆளாளுக்குக் கட்டியிருந்த பழைய துணியை அலையில் விட்டுவிட்டு ஏறுகிறார்கள். நீயும் உன் கல்லூரித் தோழிகளும் கரையில் மூங்கில் கூடைகளை வைத்துக்கொண்டு, "கும்புட்டுட்டு இதுல போடுங்க, கடல்ல விடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். ஒருத்தர் உன்னைப் பிடித்துக்கொண்டார். "துணிய கடல்ல வுட்டாதாம்மா பாவம் போவும். நீ என்ன புதுசா சொல்ற?" அதற்கு நீ, "பாவம் போயிரும்ண்ணே, துணிதான் போவாது. நாளைக்கு யாராவது வலையில போய் சுத்திக்கும்" என்றாய். அவர் ஒரு நிமிடம் உன்னையே முறைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பிழிந்து கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறாயா? சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் சித்தப்பா வீட்டு ஆட்கள் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். தர்ப்பணத் துணியைப் பொறுக்குகிற பெண் என் மகள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று சுண்டலை மிக மெதுவாகத் தின்றேன். உன் அம்மா அதைவிட மோசம், உன்னைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நின்றாள். ஆனால் அடுத்த வருடம் அதே கரையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போடுங்க, போடுங்க, எம்பொண்ணு வெச்ச கூடை" என்று கூவியது யார்? அதே மகராசிதான். ஒரு பாட்டியிடம் துணி போதாதென்று மேல்துண்டையும் கேட்டு, நன்றாகத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், படிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு முறை உன் அம்மா போன் போட்டபோது நீ கடற்கரையில் இருந்தாய். "ஆமை முட்ட போட்டுட்டிருக்கும்மா, மெதுவா பேசு" என்று கிசுகிசுத்தாய். அதற்கப்புறம் உன் அம்மா நம் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, "சாப்டியாடி, என்ன கொழம்பு" என்று ரகசியம் பேசுவதுபோலக் கேட்டாள். நான் உள்ளே வந்து என்ன என்று சத்தமாகக் கேட்டதற்கு வாயில் விரலை வைத்து அதட்டினாள். எங்கோ ஒரு ஆமைக்காக எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. இப்படித்தான் நீ எங்களை மாற்றினாய், பாடம் எடுத்து மாற்றவில்லை.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். சங்க ஆண்டுவிழாவில் உன்னைப் பேச அழைத்தது நான்தான். நம் ஊர்ப் பெண், கடல் ஆராய்ச்சியாளர் என்று நோட்டீஸில் போட்டபோது அச்சகத்துக்காரரிடம் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன். நீ நன்றாகத்தான் ஆரம்பித்தாய். நம் வாய்க்காலில் வீசுகிற பூச்சிமருந்து பாட்டிலும் நெகிழிப் பையும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று சொன்னாய், கைதட்டினார்கள். அறுந்த வலை கடலுக்கு அடியில் கிடந்து தானாகவே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும் என்றாய், உச்சுக்கொட்டினார்கள். நான் மேடையில் உட்கார்ந்து, யார் யார் முகம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

அப்போது நீ திரும்பி உனக்குப் பின்னால் தொங்கிய பேனரைப் பார்த்தாய். "வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீரைக் காப்போம்" என்று எழுதியிருந்தது. எழுதியது நான். வருடா வருடம் அதையேதான் எழுதுகிறேன். வெள்ளம் வந்து கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் டிவிக்காரன் சொல்வதும் அதுதான், மனுவில் நாம் போடுவதும் அதுதான், டீக்கடையில் பெருமூச்சு விடுவதும் அதுதான். தண்ணீர் கடலுக்குப் போனது என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், வீணாகக் கடலுக்குப் போனது என்றே சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே வாயில் வரும். நீ, "இந்த பேனர்ல எல்லாம் சரி, ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. கடலுக்குப் போற தண்ணி வீண் இல்ல" என்றாய்.

அவ்வளவுதான், மண்டபம் எழுந்துகொண்டது. வயல் காய்கிற வருடங்களில் வரப்பில் உட்கார்ந்து அழுதவர்கள் அவர்கள், நீ அதை மறக்கக்கூடாது. நம் சங்கத் தலைவர், நீ பெரியப்பா என்று கூப்பிடுகிற கோவிந்தராசு அண்ணன், வந்து மைக்கைக் கையில் வாங்கினார். "சின்னப் பொண்ணு, படிச்ச பொண்ணு, தெரியாம பேசிருச்சு. இந்தப் பேச்சு வெளிய போனா நம்ம தண்ணிக் கேசு என்னாவும்? கடலுக்கே போவட்டும், இவனுங்களுக்கு எதுக்குன்னுல்ல மேல அணை வெச்சிருக்கவன் கேப்பான்?" என்றார். "பெரியப்பா, ரெண்டே நிமிஷம்" என்று நீ கையை நீட்டினாய். அவர் தரவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். உன்னை நிறுத்த எழுந்தேனா, அவரை நிறுத்த எழுந்தேனா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. அதற்குள் யாரோ பந்திக்கு அழைத்துவிட்டார்கள். இந்த ஜில்லாவில் சாப்பாடு என்று சொன்னபின் எந்தச் சண்டையும் நீடித்ததில்லை.

நீ பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டாய். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். நீ பாயசத்தை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டாய். பரிமாறியவரிடம் "நல்லாருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்தாய். அந்த இடத்தில் நானாக இருந்தால் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு வந்திருப்பேன். திரும்பும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து, "இனிமே நம்ம ஊர்ல பேசமாட்டேம்ப்பா. காலேஜ்ல பேசறேன், கடக்கரையில பேசறேன். இங்க வேணாம்" என்றாய். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமாக இருந்தால் ரெண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நீ கப்பலுக்குப் போய்விட்டாய். ஊரெல்லாம் போய்ப் பேசுகிற என் மகள் சொந்த ஊரில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாளாம். இதை நான் எப்படி விழுங்குவேன்?

நீ போனபின் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மழையும் இல்லை, ஆறும் வரவில்லை என்று கிடந்ததே ஒரு வருடம். விதைத்த நெல் முளைத்துக் கருகியது. நம் கொல்லைப் பக்கத்து அடிபம்பில் தண்ணீர் உப்பேறிப்போய், உன் அம்மா போட்ட டீயே கரித்தது. நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். அந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த வருஷம் ஆறு கடல் வரைக்கும் போச்சாப்பா?" என்று கேட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம வயலுக்கே வரல, கடலுக்கு எங்கேருந்து போவும்?" என்றேன். நீ, "அதாம்ப்பா" என்றாய். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து நான் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பதில் சொல்லிவிட்டாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆறு போய்க் கடலைத் தள்ளி நிறுத்தாத வருடத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறி வருகிறது, வடிகாலுக்குள் வருகிறது, மண்ணுக்கு அடியில் நம் கொல்லைக்கே வந்துவிடுகிறது. முகத்துவாரத்தில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில்தான் இறாலும் மீனும் குஞ்சாக வந்து வளர்கின்றன என்று நீ லென்ஸ் வைத்துக் காட்டினாயே, அது மீன்பிடிக்கிறவர்கள் சமாச்சாரம் என்று நான் தலையாட்டிவிட்டு வந்தேன். உப்பு நம் சமாச்சாரம் என்று ஏனோ தோன்றவில்லை.

ஆண்டுவிழா முடிந்த மறு மாதம் சங்கக் கூட்டம். மேலதிகாரிகளுக்குக் கொடுக்கும் மனுவை வழக்கம்போல் நான் வாசிக்கவேண்டும். "வீணாகக் கடலில் கலக்கும் நீரைத் தேக்கி" என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். "இந்த 'வீணாக'வ எடுத்துரலாம்னு பாக்கறேன்" என்றேன். உன்னிடம் கத்தியதைவிட அதிகமாகக் கத்தினார்கள். "செயலாளர் பொண்ணு பேச்சக் கேட்டு ஆடுறாரு" என்றான் ஒருத்தன். "செயலாளரையே மாத்துங்க" என்றான் இன்னொருத்தன். "மாத்துங்க. வார்த்தைய மாத்திட்டு என்னை மாத்துங்க" என்றேன். எனக்கு அந்தப் பதவிமேல் ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஊருக்குள் நான் நடந்தால் நாலு பேர் வணக்கம் சொல்வது அந்தப் பதவியால்தான்.

நான் ஆராய்ச்சி ஒன்றும் பேசவில்லை, அது எனக்கு வரவும் வராது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த காஞ்ச வருஷம் யாரு யாரு வீட்ல டீ கரிச்சுது? கையத் தூக்குங்க." முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு கை, நாலு கை. கிழக்குத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். கடைசியில் கோவிந்தராசு அண்ணனும் தூக்கினார். அவர் கிணறு அந்த வருடம் உப்பாகித் தென்னை வாடியது எல்லாருக்கும் தெரியும். "ஆறு கடலுக்குப் போகாத வருஷம்ண்ணே அது. எங்க பொண்ணு சொல்ல வந்தது இதுதான்" என்றேன்.

அப்புறம் ஆரம்பித்தது வார்த்தைச் சண்டை. 'வீணாக' வேண்டாம் என்றால் எதைப் போடுவது? "உபரின்னு போடுங்க" என்றார்கள். உபரி என்றால் யாருக்கும் வேண்டாதது என்று ஆகிவிடும் என்றேன். "மிச்சம்னு போடுங்க" என்றார்கள். பந்தியில் மிஞ்சியதைக் கொடுப்பதுபோல இருக்கிறது என்று எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது கோவிந்தராசு அண்ணன் தொண்டையைச் செருமினார். தன் பங்காளியோடு அவர் எத்தனை காலமாக நிலத் தகராறில் கோர்ட்டுக்கு அலைகிறார் என்று உனக்குத் தெரியும். "பங்குன்னு போடுப்பா" என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். "கடலும் நமக்குப் பங்காளிதான் போல. குடுக்கவேண்டியதக் குடுக்கலன்னா சும்மா இருப்பானா? எம் பங்காளியாவது கோர்ட்டுக்குப் போனான். இவன் நேரா கெணத்துக்குள்ள எறங்கிட்டான்" என்றார்.

மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மங்கை, நீ அதைக் கேட்டிருக்கவேண்டும். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. கை தூக்காதவர்களும் உண்டு, அவர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் மனுவில் இப்போது இப்படி இருக்கிறது: கடலின் பங்கு போக, வெள்ளக் காலத்து நீரைத் தேக்கிக் கடைமடை வயல்களுக்குத் தரவேண்டும். தட்டச்சுக்காரர் "என்னங்க, புதுசா இருக்கு" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ காலமாகச் சொல்லிப் பழகிய ஒரு சொல்லை நீ ஒருத்தி எழுந்து நின்று தப்பு என்றாய், அது போய்விட்டது. நான் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன், தண்ணீர் வந்ததும் உண்டு, வராததும் உண்டு. ஆனால் இந்த மனுவால் வந்த பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. என் மகள் என்று இப்போது நான் யாரிடமும் மறைக்காமல் சொல்கிறேன், சுண்டல் வண்டி இல்லாமலேயே.

இனி ரெண்டு வார்த்தை அறிவுரை. அப்பன் என்றால் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மைக்கைப் பிடித்தால் சீக்கிரமே சாப்பாட்டைப் பேச்சுக்குள் கொண்டுவந்துவிடு. முகத்துவாரம், சூழல் என்று ஆரம்பித்தால் ஆட்கள் செருப்பைத் தேடுவார்கள். டீ, குழம்பு, கிணறு என்று ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, இது முக்கியம். கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் இல்லை என்று நீ வெளியூரில் சொல்லும்போது, வயலுக்கும் வேண்டும் என்பதை அதே மூச்சில் சொல். உன் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி எடுத்துக்கொண்டு போய் நம் தலையில் போட ஆள் காத்திருக்கிறது. கோவிந்தராசு அண்ணன் அன்றைக்குப் பயந்தது அதற்குத்தான். அவர் மைக்கை வாங்கியது தப்பு, அவர் பயந்தது தப்பில்லை. அவரை நீ வெறுக்காதே. கடலுக்காகப் பேசுகிறவள் கரையில் இருப்பவர்களிடம் கோபித்துக்கொண்டால் வேலை நடக்காது. அப்புறம், கப்பலில் எண்ணெய்ப் பலகாரம் கொடுத்தால் அளவாகத் தின்னு, உனக்கு ஒத்துக்கொள்ளாது. இது உன் அம்மா சேர்க்கச் சொன்னது.

கூட்டம் முடிந்து மண்டபத்தைப் பூட்டும்போது கோவிந்தராசு அண்ணன் என்னோடு வாசலில் நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பாப்பா எப்பப்பா கரைக்கு வருது?" என்று கேட்டார். சொன்னேன். "வந்துச்சுன்னா ஒரு கூட்டம் போடுவோம். அன்னிக்கு அது ரெண்டு நிமிஷம் கேட்டுச்சு, நான் குடுக்கல. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசட்டும். பேசுமா, கேட்டுச் சொல்லு" என்றார். இனி நம் ஊரில் பேசமாட்டேன் என்ற உன் முடிவை நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதனால்தான் கேட்கிறேன், ஊர் பார்க்கவே கேட்கிறேன். இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே, நீ மாட்டேன் என்றாலும் உன்மேல் எனக்கு ஒரு குறையும் வராது. ஆனால் நீ வந்தால், இந்தத் தடவை நான் மேடையில் உட்காரமாட்டேன். கீழே முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, நீ சொல்வதை முதலிலிருந்து முடிவுவரை கேட்பேன். அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும், மங்கை?

உன் வழியையே பார்த்துக்கொண்டு,
அப்பா